ராயபுரத்துக்கு அஞ்சு பூதம் போதாது

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு அந்தப் பெருமைகூட மிஞ்சாது. இருபத்து மூன்று வயதில் நான் ஒரு மந்திரவாதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். தாடி கிடையாது, மண்டை ஓடு கிடையாது, எந்தப் பூசாரியும் என் காதில் எதையும் ஓதவில்லை. ராயபுரத்தில் கப்பல் சாமான்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் எண்ணெய்த் துணியும் கையுமாகத் திரிகிற ஹெல்பர் நான். ஆனாலும் மண், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம் ஐந்தும் கூப்பிட்டால் வரும் என்று நம்பினேன். கூப்பிட்டேன், வரவில்லை. புத்தியுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? நமக்கு மந்திரம் வராது என்பான். நான் வந்த முடிவு, ஐந்து பூதம் போதாது என்பது.

இதற்கெல்லாம் மூர் மார்க்கெட்தான் காரணம். அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டையும் முன்பக்கங்களும் போன ஓர் இங்கிலீஷ் புத்தகம் என் கையில் அகப்பட்டது. எழுதியவர் பெயர் அட்டையோடு போய்விட்டது. உள்ளே ஒரு படத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி தலைவிரி கோலமாகத் தரையில் வட்டம் போட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என் இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு நின்றுபோன இங்கிலீஷ். ஒரு வரியில் மூன்று வார்த்தை புரியும், மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். இப்போது யோசித்தால் அந்தப் புத்தகத்தில் பாதியை நான்தான் எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக்காரர்களின் மந்திரத்தில் பூதங்கள் நாலுதான். வட்டத்தின் நடுவில் நின்று வடக்கே பார்த்து மண்ணை அழைக்க வேண்டும், கிழக்கே பார்த்துக் காற்றை, தெற்கே நெருப்பை, மேற்கே நீரை. ஆகாயத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. சுதந்திரம் வந்து அதிக நாள் ஆகவில்லை, எதில் கிடைத்தாலும் வெள்ளைக்காரனைவிட நமக்கு ஒன்று அதிகம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்த காலம். அவனுக்கு நாலு, நமக்கு ஐந்து. பட்டறையில் நாலு பேரைப் பிடித்து இதைச் சொன்னேன். அவர்களில் ஒருவர் தம் வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்திருப்பதால் தமக்கு ஆகாயம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்றார்.

நான் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடியில் சாக்கட்டியால் வட்டம் போட்டேன். ஃபோர்மேன் என்னை லேத்து மெஷினுக்கு மாற்ற வேண்டும், அதுதான் வேண்டுதல். தினமும் வேலை முடிந்து வந்து, வெயில் தாழ்ந்ததும் வட்டத்தில் நின்று ஒவ்வொரு திசையாகக் கைநீட்டி அழைத்தேன். ஒரு நாள் என் தோஸ்து மாடிக்கு வந்து பார்த்துவிட்டார். வண்ணாரப்பேட்டைக்காரர், பட்டறையில் பாய்லர் அவர் பொறுப்பு. ஐந்து வேளை தொழுகை, ஆறாவது வேளை என்னைக் கிண்டல் செய்வது. நான் கைநீட்டிய திசையை எட்டிப் பார்த்தார்.

“மாமு, கடலு கெழக்கால கீது. நீ மேக்கால பாத்து தண்ணிய கூப்டுகினு கீற. அந்தாண்ட எங்க பேட்டைதான். எங்க சாக்கடைதான் எயுந்து வரும், பரவால்லியா?”

அன்றைக்கு ராத்திரி பூராவும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வெள்ளைக்காரிக்குக் கடல் மேற்கே இருந்திருக்கும், அவள் எழுதிவிட்டாள். நானோ ஒரு மாதமாக வங்காள விரிகுடாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் திசையை மாற்றிக் கிழக்கே பார்த்து நீரை அழைத்தேன். இரண்டு நாளில் பலன் கிடைத்தது. ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, பட்டறையின் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் துருவைச் சுரண்டச் சொன்னார். லேத்து கிடைக்கவில்லை. ஆனால் நீர் பூதம் மட்டும் என் குரலைக் கேட்டிருக்கிறது என்று, தொட்டிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்றபடி சந்தோஷப்பட்டேன்.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில்தான் விஷயம் இருந்தது. எல்லோரும் நாலோடு நிற்பதில்லை, சிலர் உலோகத்தைச் சேர்க்கிறார்கள், சிலர் மரத்தை, சிலர் ஒலியை, ஒளியை, வெறும் வெற்றிடத்தைக்கூட. அவரவர் இருக்கும் இடத்தில் எந்தச் சக்தி ஆள்கிறதோ அதைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. போட்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. பழைய மந்திரங்களைச் செய்தவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து செய்தவர்கள். அவர்கள் ராயபுரத்துக் காற்றை ஒரு தரம் மூச்சிழுத்துப் பார்த்ததில்லை. இங்கே காற்று என்பது கரிப்புகை. தண்ணீர் மேல் எண்ணெய் மினுக்குகிறது. மண்ணைக் கிளறினால் ஆணி வருகிறது. ஆகாயம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் ஐந்தை மட்டும் அழைத்தால், வீட்டுக்காரரை விட்டுவிட்டு விருந்தாளியைக் கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி ஆகாதா?

ஆக, நான் நாலு பூதங்களைப் புதிதாகச் சேர்த்தேன். கரி, இரும்பு, பட்டறைச் சங்கு, கருவாட்டு நாற்றம். கரண்டைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன், ஆனால் எங்கள் வீட்டுக்குக் கனெக்‌ஷன் இல்லை. பழக்கமில்லாதவரை அதிகாரமாகக் கூப்பிடுவது மரியாதை அல்ல என்று விட்டுவிட்டேன். சங்கைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். அது ஊதினால் ஊரே எழுந்திருக்கும், ஊதினால் சாப்பிடும், ஊதினால் வீட்டுக்குப் போகும். இத்தனை பேரை ஆட்டிவைக்கிற இன்னொரு சக்தியை எனக்குக் காட்டுங்கள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். நாற்றத்தைச் சேர்த்ததற்காக மட்டும் தோஸ்து ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பூதங்கள் தயாராகிவிட்டன. அவற்றுக்கு வேலை கொடுக்கத்தான் ஆளில்லை. அந்த நேரத்தில்தான் அக்காவின் ஆப்பம் படுத்துக்கொண்டது.

எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு கருவாட்டுக் கிடங்கு. அதன் முன் தாழ்வாரத்தில், பட்டறை முழுக்க அக்கா என்று கூப்பிடுகிறவர் ஆப்பக்கடை போட்டிருந்தார். காலைச் சங்குக்கு முன்னால் அங்கே நாஷ்டா முடிக்காமல் பட்டறைக்குள் போகிறவர்கள் குறைவு. ஓரம் சல்லடைபோல மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சுபோல உப்பி, மேலே தேங்காய்ப்பால் விட்டால் கீழே போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஆப்பத்துக்குப் பின்னால் இருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா. அவர் பக்கத்துத் தெருக் கள்ளுக்கடையில் பானை சுமக்கிற வேலை. வீடு திரும்பும்போது ஒரு சொம்பில் அடிக்கள்ளு கொண்டுவருவார். அதை மாவில் விட்டால் காலையில் மாவு பானையை விட்டு எட்டிப் பார்க்கும்.

மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடையை மூடினார்கள். ஒரே பூட்டில் மாமாவின் வேலையும் போயிற்று, அக்காவின் ஆப்பமும் போயிற்று. கள்ளு இல்லாமல் மாவு பொங்கவில்லை. அக்கா விட்டுவிடுகிற ஆள் இல்லை. இளநீரில் சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்து ஊற்றிப் பார்த்தார். நீராகாரம் ஊற்றினார். சோடா உப்புப் போட்டார், ஆப்பம் மஞ்சளாகிக் கசந்தது. ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் ரொட்டிக்கடையில் கேட்டு எதையோ வாங்கிக் கலந்தார், பொங்கியது, ஆனால் தின்றவர்கள் எல்லாம் ஆப்பமா பன்னா என்று கேட்டார்கள். இளநீர்தான் கொஞ்சம் வழிக்கு வந்தது. அதுவும் மார்கழிப் பனி இறங்கியதும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. வட்டமாக, தட்டையாக, கோபித்துக்கொண்ட தோசை மாதிரி ஒன்று சட்டியிலிருந்து வரும். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

கிடங்கு, மீன் ஏலம் விடுகிற ஒருவருக்குச் சொந்தம். கடற்கரையில் கத்திக் கத்தித் தொண்டை போய், மற்ற நேரமெல்லாம் கிசுகிசுவென்றுதான் பேசுவார். அந்தத் தாழ்வாரத்தை ஒரு பூரிக்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காரர் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்குக் கூட்டம் கூடுகிற கடை வேண்டும். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அன்றைக்கு விருந்துக்கு ஆப்பம் போடும்படி அக்காவிடம் சொன்னார். பழையபடி வந்தால் இடம் அக்காவுக்கே, இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அங்கே பூரி. இதைக் கிசுகிசுவென்று சொன்னதால் ஏதோ ரகசியம் பேசுவது போலிருந்தது, ஆனால் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

இடம் போனால் எண்ணூரில் உப்பளத்து வேலைக்குத்தான் போக வேண்டும், அங்கே அக்காவின் அண்ணன் இருந்தார். மாமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்த கள்ளுப் பானைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பதினைந்து வருஷம் அதைச் சுமந்தவர், மூடியதும் கடைக்காரர் கொடுத்த காலிப் பானைகள் அவை.

நான் அக்காவிடம் போய், கள்ளு என்பது வெறும் திரவம், அதற்குள் வேலை செய்தது ஒரு சக்தி, அது போன இடத்தில் வேறு சக்தியை வைத்தால் மாவு பொங்கும், என்னிடம் நாலு இருக்கிறது என்றேன். அக்கா தட்டை ஆப்பத்தைச் சட்டியிலிருந்து சுரண்டிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“புத்தியா செய்யறது அல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன் நைனா. இனிமே நீதான் பாக்கி” என்றார்.

ஒரு நிபந்தனை போட்டார். மாவுக்குள் நான் எதையும் போடக் கூடாது. எப்போதும்போல அவரே அரைத்து, புளித்த இளநீர் ஊற்றி, மூடிக் கொடுப்பார். பானைக்கு வெளியே என்ன கூத்து வேண்டுமானாலும் நான் அடித்துக்கொள்ளலாம்.

என் பூதங்கள் நாலும் பட்டறையில்தான் வாசம் என்பதால் பாய்லர் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, ஆனால் பாய்லரை அணைக்க மாட்டார்கள். தணலை மூடி வைத்திருப்பார்கள், தோஸ்து வந்து பார்த்துக்கொள்வார். அவரிடம் கெஞ்சினேன். அக்காவின் ஆப்பம் என்பதால் சம்மதித்தார், என் மந்திரம் என்பதால் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதியதும் மாமா பூதத்துக்கு ஒன்று வீதம் நாலு பானை மாவை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இறக்கினார். பாய்லரின் ஒரு பக்கம் முதல் பானையை வைத்து, சாக்கட்டி வட்டம் போட்டு, சுற்றிலும் கரித்துண்டுகளை அடுக்கினேன். மறு பக்கம் இரண்டாவது பானை, சுற்றிலும் போல்ட்டும் நட்டும். பாய்லருக்குப் பின்னால் மூன்றாவது, அதற்குக் காவலாக எதிர்க் கிடங்கிலிருந்து வாங்கி வந்த ஒரு கூறு வாளைக் கருவாடு. சங்குப் பானையை மட்டும் கொட்டகைக் கோடியில், ஜன்னல் ஓரம் வைத்தேன். சங்குக் கம்பம் அந்த ஜன்னலுக்கு நேர் மேலே. பூதம் இறங்கி வந்து உட்கார வசதியாக இருக்கட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தமிழிலும், எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் அழைத்தேன். தோஸ்து கருவாட்டைப் பார்த்துவிட்டு, பொங்காவிட்டால் குழம்புக்காவது ஆகும் என்றார்.

நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. மாமா பானைகளைக் கட்டியிருந்த விதம். வாய்க்கு ஓலை வைத்து, அதன் மேல் துணி போட்டு, கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் மூச்சுவிட மடிப்பு விட்டு முடிச்சுப் போட்டிருந்தார். சும்மாடு வைத்து, ஒரு கையை மட்டும் பானையில் வைத்து, இடுப்பை ஆட்டாமல் நடந்து வந்திருந்தார். ராயபுரத்தில் கண்ணுள்ள எவரும் அதைப் பார்த்தால் உள்ளே என்ன என்று கேட்க மாட்டார்கள். பட்டறை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். அவரும் கேட்கவில்லை. நேராக ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு நடுப்பகலில் நானும் தோஸ்தும் மாமாவும் கொட்டகைக்குள் போனபோது எங்களுக்கு முன்பே ஒரு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் அங்கே நின்றிருந்தார்கள். உள்ளே புளித்த வாசனை கம்மென்று அடித்தது. அரிசி, புளிப்பு, பானை, மறைவான இடம், கூடவே பழைய கள்ளுக்கடை ஆள். மதுவிலக்கு வந்ததிலிருந்து குப்பத்துப் பக்கம் சோற்றைப் புளிக்கவைத்துச் சுண்டக்கஞ்சி என்கிற நாட்டுச் சரக்குப் போடுகிறார்கள் என்று ஏட்டு தினம் ஒரு குடிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்கு அவருக்குக் குனியாமலே நாலு பானை கிடைத்துவிட்டது.

இது யார் சரக்கு என்று கேட்டார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முடியாமல் விளக்கிவிட்டேன். வெள்ளைக்காரனுக்கு நாலு என்று ஆரம்பித்தேன், நமக்கு ஐந்து என்றேன், ராயபுரத்துக்கு ஒன்பது என்றேன். வட்டத்தைக் காட்டினேன், போல்ட்டுகளைக் காட்டினேன். கருவாடு எந்தத் திசையின் அதிபதி என்பதையும் சொன்னேன். ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று கிட்டே வந்து, ஊது என்றார். ஊதினேன். காலையில் தின்ற வெங்காயம் தவிர வேறு வாசனை வரவில்லை. அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

“இவன் குடிக்காமயே இப்டியா?” என்று தோஸ்தைக் கேட்டார்.

“பொறந்ததுலேந்து இப்டித்தான் ஏட்டய்யா. நாங்க பயகிட்டோம்.”

நான் பைத்தியம் என்பது உறுதியானது, ஆனால் பானைகள் பானைகளாகவே இருந்தன. அவற்றை ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக வேண்டும், மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்வரை அங்கேயே இருக்கும், மாமாவும் கூட வர வேண்டும் என்றார் ஏட்டு. இது மாவு என்று தோஸ்து சொன்னார். கஞ்சி போடுகிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் ஏட்டு. அதுவும் நியாயம்தான். கான்ஸ்டபிள் முதல் பானையைத் தூக்கக் குனிந்தார். மறுநாள் என்றால் நிச்சயதார்த்தம் முடிந்து, தாழ்வாரத்தில் பூரி பொரிந்துகொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் அக்கா வந்தார். மாவை எடுத்துப்போக வந்தவர், போலீஸ் சிவப்புத் தொப்பியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். அழவில்லை, காலில் விழவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். புருஷனிடம், ஓடிப்போய்ச் சட்டியையும் மூடியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துவரச் சொன்னார். பிறகு ஏட்டைப் பார்த்துச் சொன்னார்:

“கஞ்சியா மாவான்னு நா சொன்னா நீ நம்ப மாட்டே. சட்டி சொல்லட்டும். குந்து சாமி.”

ஏட்டு குந்தவில்லை, ஆனால் போகவும் இல்லை. தோஸ்து பாய்லர் கதவைத் திறந்து ஒரு மண்வெட்டித் தணலை வாரி, மூன்று செங்கல்லுக்கு நடுவில் கொட்டினார். சட்டி வந்தது. அக்கா கருவாட்டுப் பானையின் கயிற்றை அவிழ்த்தார். ஓலையை எடுத்ததும் நான் எட்டிப் பார்க்கப் போனேன், முழங்கையால் என்னைத் தள்ளிவிட்டார். உப்புப் போட்டு ஒரு கலக்கு. எண்ணெய்த் துணியால் சட்டியை ஒரு துடைப்பு. ஒரு கரண்டி மாவை ஊற்றி, இரண்டு காதையும் பிடித்து ஒரே சுழற்று, மூடி போட்டார்.

அந்த மூடியைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். நான் என் நாலு பூதங்களையும், பழைய ஐந்தையும், போதாததற்குத் தெரு முனைப் பிள்ளையாரையும் கூப்பிட்டேன். தோஸ்தின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. மாமா சுவரைப் பார்த்து நின்றார்.

அக்கா மூடியை எடுத்தார். ஓரம் பொன்னிறத்தில் வலை பின்னியிருந்தது. நடுவில் ஆயிரம் கண் திறந்து உப்பி, மெத்தையாக நின்றது. கள்ளுக்கடை மூடிய பிறகு அப்படி ஒன்றை அந்தச் சட்டி பார்த்ததில்லை. அக்கா ஏட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, ஆப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கரியின் புகை என்றார். தணலில் புகையே இல்லை.

ஏட்டு பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு விள்ளல் போட்டார். தேங்காய்ப்பால் இல்லையா என்று கேட்டார். அது சாயங்காலத்துக்கு என்றார் அக்கா. பரவாயில்லை என்று முழுசையும் முடித்துவிட்டு, ஒரு பானையில் மாவு இருந்தால் மற்றவற்றிலும் மாவுதான் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ளாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். இரும்புப் பானையிலிருந்து ஒன்று, கரிப் பானையிலிருந்து ஒன்று. இரண்டும் முதலாவது மாதிரியே உப்பி வந்தன. கான்ஸ்டபிளும் சாட்சிக்காகத் தின்ன வேண்டியிருந்தது. சங்குப் பானையைத் திறந்தால், மாவு ராத்திரி எப்படிப் படுத்ததோ அப்படியே படுத்திருந்தது. அதில் வந்தது தட்டையாக, முறைத்துக்கொண்டு வந்தது. ஏட்டு அதையும் விடவில்லை. இது ஆப்பம் இல்லை, ஆனால் சட்டப்படி இது சாராயமும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

போகும்போது மாமாவிடம் திரும்பி, மாவுப் பானையை எதற்காக ஐயா கள்ளுப் பானை மாதிரி கட்டினாய் என்று அலுத்துக்கொண்டார்.

“எனக்கு வேற கட்டு தெரியாதுங்க” என்றார் மாமா. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் நான் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். மூன்று பூதங்கள் வேலை செய்திருக்கின்றன, சங்கு மட்டும் ஏன் கைவிட்டது? யோசிக்க யோசிக்க விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதுவதில்லை! பூதத்துக்கு அன்றைக்கு லீவு. இதைத் தோஸ்திடம் சொன்னபோது அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மாமு, மூணு பானைய பாய்லராண்ட வச்சே, சூட்டுல பொங்கிச்சி. ஒண்ண தொறந்த ஜன்னலாண்ட வச்சே, பனியில வெறச்சிபோச்சி. இதுல இன்னாத்துக்கு பூதத்த இஸ்துகினு வர்றே?”

எனக்கு அது பெரிய அடி. சூடு என்றால் அக்கினி, அக்கினி பழைய ஐந்தில் ஒன்று. அவர் சொல்வதை ஒப்புக்கொண்டால் ராயபுரத்தின் புதுப் பூதங்கள் நாலும் ஒரே சமயத்தில் வேலை இழக்கும். ஆனால் கருவாட்டுப் பானைதான் எல்லாவற்றிலும் அதிகமாகப் பொங்கியிருந்தது, அதை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. அந்தப் பக்கம்தான் பாய்லர் ரொம்பச் சுடும் என்றார். நான் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் ஏலக்காரர் வீட்டுக் கொல்லையில் அக்கா நாலு அடுப்பு மூட்டினார். போலீஸ் தின்றது போக மூன்று பானை மாவு தாராளமாக இருந்தது. நாலாவது பானையைப் பாய்லர் பக்கத்தில் தோஸ்து நகர்த்தி வைத்திருந்தார். நான் தேங்காய் துருவினேன், மாமா இலை போட்டார். பூரிக்கடைக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார், அடுப்புப் பக்கமே பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொளத்தூர் பக்கத்துக்காரர்கள், ஆப்பத்தைத் தொட்டுப் பார்த்து, இதில் என்ன விடுகிறீர்கள் என்று கேட்டார்கள். பரிமாறியவர்கள் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

ஏலக்காரர் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். முதல் ஆப்பத்தைத் தின்று முடித்தார். இரண்டாவது ஆப்பத்தைக் கேட்டபோது கிசுகிசுக்கவில்லை, கடற்கரையில் வஞ்சிரத்துக்கு விலை ஏற்றுகிற குரலில் கேட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவதை வாங்கிக்கொண்டு, பூரிக்காரரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று பழைய கிசுகிசுப்பில் தம் கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். அடுப்புக்கும் பந்திக்கும் நடுவில் நின்றிருந்த நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கரண்டி மாவை ஊற்றினார். சுழற்றும்போது மட்டும் வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகச் சுழற்றினார்.

எல்லாம் முடிந்து அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா காலிப் பானைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நான் எதிரே குந்திக்கொண்டு, தோஸ்து சொல்வதையும் சொன்னேன், என் தரப்பையும் சொன்னேன். சங்கின் லீவைச் சொன்னேன், கருவாட்டின் பெருமையைச் சொன்னேன். பொங்கவைத்தது பழைய பூதமா புதுப் பூதமா, புதுசு என்றால் நாலில் எது, மாவைத் தொட்டவர் நீங்கள், உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும், உள்ளதைச் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டேன்.

அக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

“நாளைக்கும் பானைய அங்கியே வையி.”